மூணாவது டீ

வைகாசி பிறந்த அன்று காலை, கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் வாங்கிக்கொண்ட பிறகு, முனிரத்தினம் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். வீட்டுப் பரணைக் காலி செய்துவிடுவது.

இதில் என்ன மாபெரும் முடிவு என்று கேட்பவர்கள் அந்தப் பரணைப் பார்த்ததில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எரியாத விவசாயி கிடையாது. ஆகவே அவரைத் தெரியாத விவசாயியும் கிடையாது. அவரைப் பற்றி அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரே விஷயம், ஆள் டீப் பைத்தியம் என்பதுதான். தை மாதம் அவர் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, என்ன வாங்கிப் போகலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்து, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். குழாய் வைத்த பெரிய எவர்சில்வர் டீ கேன் ஒன்று வந்தது. ஃபிளாஸ்க் மூன்று வந்தன. பீங்கான் கப் சாசர், கரண்ட்டில் கொதிக்கும் கெட்டில், கப்புகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போக ஒரு கம்பிக்கூடை எல்லாம் வந்தன. டீ வடிகட்டி மட்டும் பதினொன்று. மச்சினன் சுகுமார் தாம்பரத்தில் கம்பெனி வேலை பார்ப்பவன். அவன் ஒரு படி மேலே போய், நூறு பாக்கெட் அடங்கிய கிரீன் டீ பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, உடம்புக்கு ரொம்ப நல்லது மாமா என்றும் சொல்லிவிட்டுப் போனான். உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு வருகிற எதையும் முனிரத்தினம் நம்புவதில்லை.

டீப் பைத்தியத்துக்குத் தேவை டீ. டீ சாமான் இல்லை. இந்தச் சின்ன விஷயம் இந்த உலகத்துக்கு ஏன் புரியவில்லை என்று அவருக்கு விளங்கவே இல்லை. கப்பின் காதுக்குள் அவர் விரல் நுழையாது. ஃபிளாஸ்க் டீயில் முந்தாநாள் வாசனை வரும். அவருக்கு வேண்டியது, மனைவி இளவரசி தன் கையால் கறந்த பாலில், இஞ்சி தட்டிப் போட்டு, தூள் கறுக்கக் கொதித்து, கண்ணாடி கிளாஸில் நுரையோடு வரும் ஒரு டீ. அதற்காக அவர் எதையும் செய்வார். கல்யாணமே அதற்காகத்தான் செய்துகொண்டார் என்று சொல்வாரும் உண்டு.

அந்த டீக்குத்தான் மாசி மாதம் ஆபத்து வந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை பார்டரில் நிற்கிறது என்றார். அன்று முதல் ஆறு டீ இரண்டாகிவிட்டது. காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. கடை பூட்டிவிட்டு ஏழு மணிக்கு வந்தால் குடிக்கிற டீ, உடம்பெல்லாம் இறங்கி வேலை செய்கிற டீ, அது போயே போய்விட்டது. எதிர்க்கடை மோகன்குமாரிடம் குடிக்கலாம் என்றால் அவன் கைகூப்பிவிட்டான். அவன் கடைக்குப் பால் ஊற்றுவது இளவரசி. இவருக்கு ஒரு டீ போட்டால் மறுநாள் பால் வராது என்று அவனுக்கு முன்னமே தாக்கல் போயிருந்தது.

ஆகவே பரணைக் காலி செய்யும் திட்டத்தை இளவரசியிடம் சொல்லும்போது, முனிரத்தினம் அதன் வாலில் தன் கோரிக்கையையும் கட்டிவிட்டார்.

"வைகாசி, ஆனி, ஆவணின்னு விசேஷமாத்தான் வரப்போவுது. பரண்ல கீறது எல்லாத்தையும் ஒவ்வொரு வூட்டுக்கா தள்ளிட்டு வரேன். நீ மாட்டைப் பாத்துக்கோ. நான் ஒண்டியா போய் முடிக்கிறேன்."

இளவரசி பால் குவளையைக் கழுவிக்கொண்டே, யார் கொடுத்ததை யாரிடம் கொடுத்து எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

"மாட்டினாத்தானே? ஒன்னு கூட இந்த வூட்டு வாசப்படி திரும்பி ஏறாது. ஏறலன்னா, ஏழு மணி டீய எனக்குத் திருப்பிக் குடுத்துடணும். சர்க்கரையோட."

"ஏறிடுச்சுன்னா?"

"நீ சொல்றதக் கேக்கறேன்."

"அப்போ நாலு மணி டீயும் கிடையாது. தம்பி குடுத்தானே பச்சை டீ, அது தீர்ற வரைக்கும் அதான்."

அவள் இத்தனை சுளுவாக ஒத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏழு மணி டீயின் வாசனை மூக்கில் ஏறிவிட்ட மனுஷனுக்கு வேறு எதுவும் தட்டாது.

முதல் போணி சாலவாக்கத்தில். தாண்டவராயன் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். அவர் பேரனுக்குக் காது குத்தல். முனிரத்தினம் டீ கேனை மொபெட்டின் முன்னால் கால் நடுவில் நிறுத்தி, கல்யாண மாப்பிள்ளையைக் கூட்டிப்போவது போலப் பத்திரமாகக் கொண்டுபோனார். தாண்டவராயனின் மருமகள் கல்பனா இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கினவள் கேனைக் கவிழ்த்து அடியில் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கனம் பார்க்கிறாள், திருப்திதான் என்று முனிரத்தினம் எண்ணிக்கொண்டார்.

ஆனியில் திருப்புட்குழி வரதன் வீட்டில் பால் காய்ச்சினார்கள். கெட்டிலும் ஒரு ஃபிளாஸ்க்கும் அங்கே போயின. வரதன் பெண்டாட்டியும் கவிழ்த்துப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் கம்பெனி பெயர் பார்க்கிற புத்தி வந்துவிட்டது என்று இவர் உள்ளுக்குள் மெச்சினார். ஒரு கல்யாணத்தில் கப் சாசரோடு மற்ற இரண்டு ஃபிளாஸ்க்கும் போயின. ஒரு வளைகாப்பில் கம்பிக்கூடை போனது. வடிகட்டிகள் மூன்று மூன்றாகப் பிரிந்து போயின. ஆடியில் விசேஷம் இல்லாததால் மட்டும் அவர் ஒரு மாதம் கை கட்டிக்கொண்டு இருந்தார்.

அந்த ஆடியில்தான் அவருக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. பந்தயத்தில் தோற்றால் கிரீன் டீ குடிக்க வேண்டும். சரி. பெட்டியே வீட்டில் இல்லையென்றால் எதைக் குடிப்பது? தோற்றாலும் தோல்வி இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் இரண்டு மோட்டாருக்குத் தப்பாகக் காயில் சுற்றிவிட்டு, மறுபடி பிரித்துச் சுற்றினார். அதற்காகக் கூட வருத்தப்படவில்லை.

ஆவணியில் அக்கா ராணியம்மாளின் பேத்தி அபிநயாவுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் வரிசை ஒரு பக்கம் போக, இவர் தனியாகக் கலர் பேப்பர் சுற்றிய பெட்டியை அக்காவிடம் நீட்டினார். மஞ்சள் நீராட்டுக்குப் போய் யாராவது கிரீன் டீ கொடுப்பார்களா என்று அக்காவின் முகம் கேட்டது. முனிரத்தினம் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார்.

"அக்கா, சாதாரணமா நினைச்சிடாத. நான் தினம் இதத்தான் குடிக்கிறேன். இது இல்லன்னா எனக்குப் பொழுதே விடியாது. எனக்கு உசிரா கீறதக் கொண்டாந்து குயந்தைக்குக் குடுக்கறேன்."

ராணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இத்தனையும் சரியாக நடந்தபோதும் ஒரு விஷயம் மட்டும் அவரை உறுத்தியது. எந்த வீட்டுக்குப் போனாலும் டீயில் இனிப்பு குறைந்துகொண்டே வந்தது. மோட்டார் இறக்கப் போன இடத்தில் அரைச் சர்க்கரை. அடுத்த வீட்டில் கால். ராணியம்மாள் வீட்டுக்கு அடுத்த வாரம் போனபோது சுத்தமாக இல்லை. விலைவாசி ஏறிவிட்டது போல, பாவம் ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆவணிக் கடைசியில் கடைசி வடிகட்டியும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு முனிரத்தினம் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கை கால் கழுவினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பரணை அண்ணாந்து பார்த்தார். ஒட்டடை மட்டும்தான் இருந்தது.

"இளவரசி, நாலு மாசமா ஒன்னாவது திரும்பி வந்துச்சா? டீய எடுத்தா."

இளவரசி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் மாட்டுக் கொட்டகைக்கு வாங்க என்றாள்.

கொட்டகைப் பக்கம் அவர் போவதே இல்லை. மாட்டோடு அவருக்கு இருந்த உறவு பாலோடு சரி. தவிட்டு டிரம்முக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மூடியிருந்தது. இளவரசி அதை விலக்கினாள். முதலில் டீ கேனின் குழாய் தெரிந்தது. பிறகு கெட்டில், ஃபிளாஸ்க், கப் சாசர், கம்பிக்கூடை. பதினொரு வடிகட்டியும் ஒரே கயிற்றில் கோத்துத் தொங்கின.

"இது தாண்டவராயன் வூட்டுக் கேனு மாதிரி கீதே" என்றார்.

"மாதிரி இன்னா, அதேதான். கவுத்துப் பாருங்க."

கவிழ்த்தார். கேனின் அடியில், பாத்திரக்கடை வாசலில் பேர் வெட்டுகிறவன் கைவரிசையில், மு.இ. உத்திரமேரூர் என்று பளிச்சென்று இருந்தது. கெட்டிலிலும் இருந்தது. பீங்கான் கப்பின் அடியில் பேர் வெட்ட முடியாது என்பதால் சிவப்பு நகச்சாயத்தில் அதே எழுத்து.

"இத எப்போ வெட்டின?"

"பாலு காய்ச்சின மறுவாரமே. வூட்டுக்கு வந்த ஏனத்துக்குப் பேரு வெட்டாம எவளாவது வைப்பாளா?"

விசேஷ வீடுகளில் நாலு வீட்டுப் பாத்திரம் கலந்துபோகும். அடியில் இருக்கும் பேரைப் பார்த்துத்தான் அவரவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு பாத்திரத்தைக் கையில் வாங்கினால் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் டீ குடித்தே கழித்த முனிரத்தினத்துக்கு இது மட்டும் தெரியாமல் போய்விட்டது. சாலவாக்கம் கல்பனா அடுத்த வாரமே கட்டைப்பையில் கேனைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாளாம். அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்களுக்குத் தெரியாமல் உங்க பாத்திரத்தைத் தூக்கிவந்து கொடுத்துவிட்டார் போல, எனக்கு மனசு கேட்கவில்லை என்றாளாம். வரதன் பெண்டாட்டியும் அப்படியே. மற்றவர்களும் அப்படியே. எல்லோரும் அவர் கடையில் இருக்கிற நேரம் பார்த்து வந்தார்கள். அவரை எதிரில் வைத்துக்கொண்டே காட்டிக்கொடுத்துச் சண்டை மூட்ட யாருக்கும் மனசில்லை.

"நீ இன்னா சொன்ன அவங்களுக்கு?"

"ஆமாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, அவருக்குச் சர்க்கரை வந்ததுலர்ந்து கொஞ்சம் தடுமாட்டமா கீறாருன்னு சொன்னேன். டீ குடுத்தா சர்க்கரை போடாதீங்கன்னும் சொல்லி வச்சேன்."

விலைவாசி ஏறவில்லை என்பது முனிரத்தினத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே கிரீன் டீ பெட்டியைக் காணோம். அட்டைப்பெட்டியில் பேர் வெட்டமுடியுமா? முடியாது. அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்த நேரத்தில் இளவரசி தவிட்டு டிரம்மின் மூடியைத் திறந்து பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பெட்டியின் அடியில் நீலப் பேனாவில் ஒரே ஒரு சொல் இருந்தது. அவருக்கு.

இளவரசி சமையலறையில் எந்த டப்பாவையும் பேர் எழுதாமல் வைக்க மாட்டாள். மல்லி என்றால் மல்லி, மிளகு என்றால் மிளகு. புருஷன் பேரை மட்டும் அவள் சொன்னதும் இல்லை, முழுசாக எழுதினதும் இல்லை. சர்க்கரை பார்டரில் நிற்கிறது என்று கேட்ட அன்றே, அவருக்கென்று எடுத்துவைத்து எழுதியிருக்கிறாள். முனிரத்தினத்துக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. நெஞ்சு இளகிப்போய் நின்றார். இருபத்தேழு வருஷமாக இவள் நமக்காகத்தான் அடுப்பு மூட்டுகிறாள், அதை நாம் டீ என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அந்த இளக்கத்தில் அவர் பெருந்தன்மையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"சரி, தோத்துட்டேன். நாளிக்கு ஒன்னுன்னா நூறு நாளு. மார்கழிக்குள்ள தீந்துடும். பொங்கலுக்கு எனக்கு இஞ்சி டீ, இன்னா?"

இளவரசி டிரம்முக்குள் மறுபடி கையை விட்டாள். ஒரு பெட்டி வந்தது. இன்னொன்று வந்தது. நாலு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் கையில் இருந்த பெட்டியின் மேல் அடுக்கினாள். அடுக்கு அவர் மூக்குவரை வந்து நின்றது.

"இன்னா இது?"

"உங்க அக்காதான், அந்தப் பெட்டியத் திருப்பிக் குடுக்க வந்தப்போ, காஞ்சிபுரத்துல சொல்லி வாங்கியாந்தாங்க. இது இல்லன்னா என் தம்பிக்குப் பொழுது விடியாதாமேன்னு அழுதுக்கினே குடுத்துட்டுப் போனாங்க."