தண்ணியக்கா ஏறிய பெட்டி

தண்ணீருக்குப் பயப்படாதவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். தண்ணியக்காவுக்குப் பயப்படாத ஒரு ஜீவன், கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூரு போகும் காலை ரயிலின் பெண்கள் பெட்டியில் கிடையாது. டிக்கெட் பரிசோதகர் வந்தால்கூடக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், சாம்பியன் ஸ்டேஷனில் அக்கா ஏறியதும் அவசரமாகப் பையைத் துழாவி, தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரிகள் சிலர் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் அவளிடம் செல்லாது.

"நாக்க நீட்டு" என்பாள்.

நீட்ட வேண்டும். வெளியூர்க்காரர்கள் புதிதாக ஏறியிருந்தால், இவள் யார், எந்த ஆஸ்பத்திரி என்று விழிப்பார்கள். விழித்துக்கொண்டே நீட்டுவார்கள்.

ஆள் ஒல்லி. தோளில் தொங்கும் பைதான் குண்டு. அதற்குள் ஃபிளாஸ்கில் கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த வேர்க்கடலை, நறுக்கிய வெள்ளரிக்காய், வாழைப்பழம், மோர், இவை எல்லாவற்றுக்கும் அடியில் பெரிய கேனில் தண்ணீர். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் வேலை. ஏறக்குறைய என் வயதுதான். ஆனாலும் ரிட்டையராகப் போகிறவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரில் பாதி விடியற்காலையில் பெங்களூருக்கு ஓடி, தூங்க மட்டும் வீடு திரும்புகிறது. பெண்கள் எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, டப்பா கட்டி, தாங்கள் மட்டும் ஒன்றும் சாப்பிடாமல் ரயிலைப் பிடிப்பார்கள். பங்காருபேட்டையில் ஒரு டீ, ஒரு பன். பிறகு மத்தியானம் ஆறிப்போன சோறு. தண்ணீர் என்று ஒரு பொருள் இருப்பது, சாயங்காலம் தலை விண்ணென்று வலிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

நானும் அந்த ரகம்தான். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆபீசில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. க்ரீம் பன்னை வாயில் வைத்த நேரம், தலைக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

"இன்னாம்மா அது?"

"பன்னு."

"காலைல வேற இன்னா துன்ன?"

"இதான்க்கா."

"இது காத்துமா. சைக்கிள் டியூபுக்கு அடிக்கறத நீ வயித்துக்கு அடிச்சிக்கினு கீற."

பன் என் கையிலிருந்து போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பிடி வேர்க்கடலையும், ஒரு வாழைப்பழமும், டம்ளரில் தண்ணீரும் வந்தன. தொல்லை விட்டால் போதும் என்று மடமடவென்று குடித்தேன். அதுவும் தப்பாகிவிட்டது.

"ஐய, மெதுவா! வயிறு இன்னா டிரம்மா? கொஞ்சங்கொஞ்சமா குடி. நாள் பூரா குடி. தாகம் எடுக்கட்டும்னு காத்துக்கினு இருக்காத."

அன்றிலிருந்து எனக்கு 'ஆபீஸம்மா' என்று பெயர்.

அவள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வெள்ளரிக்காய் தின்றால் மாமியார் மேல் கோபம் வராது என்றாள். நான் மூட்டை மூட்டையாகத் தின்று பார்த்துவிட்டேன், வந்தது. ஆனால் தலைவலி பற்றி அவள் சொன்னதை மறுக்க முடியாது. "தலைவலின்னா பாதி தாகம், பாதி மேனேஜரு. தாகத்துக்குத் தண்ணி குடு. மேனேஜருக்கு நான் இன்னா செய்ய முடியும்?"

எதற்கு இந்த வேலை உனக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க நைனா மைன்ஸ்ல பம்ப் ஆபரேட்டரு. ஆயுசு பூரா பூமிக்குள்ளருந்து தண்ணிய வெளிய இறைச்சாரு. நான் உங்குளுக்குள்ள ஊத்தறேன். சரியாப் போவும்" என்றாள். சிரிக்கவில்லை.

கூழ் வெடித்த கதையைச் சொல்லாமல் விட்டால் கிளாரா டீச்சர் என்னை மன்னிக்கமாட்டார். மாலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கேழ்வரகு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு கோடைக்காலத்தில் அக்கா கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து, பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி இறுக மூடிக்கொண்டு வந்தாள். பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. டேக்கல் தாண்டியதும் மூடியைத் திருகினாள். டமார்!

பள்ளி ஆண்டுவிழாவுக்காக டீச்சர் கட்டி வந்த வெள்ளைப் புடவையில் பாதியைக் காணோம். "ஏசுவே!" என்று ஒரு அலறல். அக்காவின் கண் புடவைமேல் போகவே இல்லை.

"ஐயோ, கூழு வீணாப்போச்சே! டீச்சர், உதட்டோரமா கீது பாரு, துடைக்காத. முழுங்கு."

அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் இருப்பவர், யார் என்ன சொன்னாலும் செய்வார் போலிருக்கிறது. டீச்சர் முழுங்கினார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "பாட்டில்ல இன்னும் மிச்சம் இருக்கா?" என்றார். அடுத்த வாரம் முதல் அவர் கையிலேயே ஒரு ஃபிளாஸ்க்.

'தண்ணி' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தம் உண்டு என்பதுதான் அக்காவின் மகள் கல்யாணத்துக்கு எமனாக வந்தது. பங்காருபேட்டையில் நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் சாம்பியனுக்கு வந்து, தெருமுனைப் பெட்டிக்கடையில் விசாரித்திருக்கிறார்கள்.

"யாரு, தண்ணியக்காவா? தங்கமானவங்க சார். காலைல எழுந்ததுமே ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா தனியா குடிக்கவே மாட்டாங்க. ரயில்ல நாலு பேருக்கு ஊத்திக் குடுத்துட்டுத்தான் குடிப்பாங்க."

வந்தவர்கள் வாங்கிய சோடாவை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும், அந்தக் கோலத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று மறுநாள் காலை எங்கள் பெட்டியில் ஏறியிருக்கிறார். அவர் யாரென்று அக்காவுக்குத் தெரியாது. நேரே போய், "நாக்க நீட்டு" என்றாள். அந்த அம்மாள் நீட்டினார்.

"ஐயய்யோ, காஞ்சு கீதே! யார் வூட்டுப் பொம்பள நீ? ஒரு வாய் தண்ணி குடிச்சியான்னு கேக்கறதுக்கு வூட்ல ஆள் இல்லியா?"

அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இல்லம்மா" என்றார். கல்யாணம் ஆவணியில் நடந்தது.

இவ்வளவு பேரை வளைத்த அக்காவை ஏமாற்றியவள் ஒருத்திதான். சுமதி. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கை தைப்பவள். பேசமாட்டாள். பாட்டிலை நிறைத்துக்கொண்டு வருவாள், சாயங்காலம் அதே நிறைவோடு திரும்பிப் போவாள். அக்கா பார்க்கும்போது மட்டும் ஒரு வாய்.

ஒருநாள் காலை சுமதி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. சிறுநீர்ப் பாதையில் கிருமி, இது முதல் தடவை இல்லை, டாக்டர் ஏற்கெனவே எச்சரித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா கத்தினாள்.

"எத்தினி வாட்டி சொன்னேன்! தண்ணி குடி, தண்ணி குடின்னு தொண்ட கிழிய..."

"குடிச்சா எங்கக்கா போறது?"

சுமதியின் குரலை அவ்வளவு சத்தமாக நாங்கள் அன்றுதான் கேட்டோம். "கக்கூசப் பூட்டி வெச்சிருக்கான். சாவி சூப்பர்வைசர் கையில. சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் தொறப்பான். நடுவுல கேட்டா, எல்லார் எதுர்லயும் எதுக்கு எதுக்குன்னு நிக்கவெச்சு கேப்பான். அதுக்கு வாயக் காய வெச்சிக்கறது எவ்ளோவோ மேல்."

துணிக்கடையில் நின்றுகொண்டே விற்கும் ஒரு பெண், "எங்க கடையிலயும் அதே கததான்" என்றாள். வீட்டு வேலைக்குப் போகும் ஒருவர், தான் தேய்த்துக் கழுவுகிற கழிவறையில் தனக்கு அனுமதி இல்லை என்றார். என் ஆபீசில் இருந்த ஒரே கழிவறையும் ஆண்களுக்கானது. நானும் சொன்னேன். எங்கள் பாட்டில்கள் ஏன் நிறைந்தே இருந்தன என்பதை நாங்களே ஒருவருக்கொருவர் அதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

அக்கா அன்று யாரையும் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. சுமதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது, தனக்குத்தானே பேசுவதுபோல, "இம்மா நாளா ஊத்திக்கினே கீறேன். எங்க போவாளுங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டனா நானு?" என்றாள். ஆஸ்பத்திரிக்கும் அவளே கூட்டிப் போனாள்.

சுமதி தேறி வந்த வாரம் அக்காவின் உத்தரவு பிறந்தது. "நாளைக்கு எல்லாரும் ஒயிட்ஃபீல்டுல எறங்கறீங்க. லீவு கெடைக்கறவ லீவு போடு, கெடைக்காதவ லேட்டா போ. பங்காருபேட்ட தாண்டினதும் குடிக்க ஆரம்பிங்க. யாரும் ரயில்ல எழுந்து போவக் கூடாது."

குடித்தோம். மாலூரில் மீண்டும் நிரப்பிக் குடித்தோம். கிளாரா டீச்சர் தன் ஸ்டேஷனில் இறங்காமல் எங்களோடு வந்தார். ஒயிட்ஃபீல்டில் இறங்கிச் சுமதியின் தொழிற்சாலைக்கு நடந்தோமே, அந்த நடையை எழுதும் தெம்பு என் பேனாவுக்கு இல்லை. யாரும் சிரிக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. சிரித்தால் காரியம் கெட்டுவிடும். டீச்சர் கையில் ஜெபமாலை வேகமாக உருண்டது.

வாசலில் காவல்காரர், என்ன வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார்: "ஏனம்மா பேக்கு?"

"டாய்லெட் பேக்கு சார். அர்ஜென்ட்டு."

"யாருக்கு?"

அக்கா நகர்ந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், திருப்பத்தில் இருந்த டீக்கடை வரை பெண்கள் வரிசை. ஒருத்தியும் நேராக நிற்கவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். டை கட்டிய சின்ன வயசுக்காரர். "இது பப்ளிக் டாய்லெட் இல்லம்மா."

"தெரியும் சார். உள்ள வேல செய்யறவளுங்களுக்கே இல்ல, எங்களுக்கா இருக்கப்போவுது? ஆனா அவசரம். உள்ள இல்லன்னா சொல்லு, இங்கியே வாசல்ல ஏற்பாடு பண்ணிக்கறோம்."

டீக்கடையில் கூட்டம் சேர்ந்தது. மாடி ஜன்னல்களில் தையல் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்று, முகங்கள் தெரிந்தன. மேனேஜர் மேலே பார்த்தார், வரிசையைப் பார்த்தார், முன்னால் நின்ற கிளாரா டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவர் என்ன கண்டாரோ, "கீ எல்லி? சாவி எங்க? சீக்கிரம் தொறங்க!" என்று கத்தினார்.

ஒவ்வொருவராகப் போய் வந்தோம். கடைசியாகப் போன அக்கா, திரும்பி வரும்போது கையில் பூட்டோடு வந்தாள். "துரு புடிச்சிப்போச்சு சார். நானே கடாசிடறேன்" என்று பைக்குள் போட்டுக்கொண்டாள். மேனேஜர் வாயைத் திறந்தார். மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கதவில் பிறகு பூட்டுத் தொங்கவில்லை என்று சுமதி சொன்னாள். அவள் பாட்டில் சாயங்காலம் காலியாகத் திரும்பியது. மற்ற இடங்கள் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் நானும் என் ஆபீசில் வாயைத் திறந்து கேட்டேன். மாடியில் பூட்டியபடி இன்னொரு கழிவறை இருப்பது அன்றைக்குத்தான் முதலாளிக்கு ஞாபகம் வந்தது.

பிறகு நான் பெங்களூருக்கே குடிவந்துவிட்டேன். என் ரயில் பயணம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் புண்ணியம் செய்தவள் என்கிறார்கள். இப்போது காலையில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சமையலறையில் சுத்திகரிக்கும் மெஷின் இருக்கிறது. என் மகள் என் போனில் ஏதோ ஏற்றிவைத்திருக்கிறாள். குறித்த நேரத்துக்கு மணி அடித்து, 'தண்ணீர் குடிக்கவும்' என்கிறது. மரியாதையாகத்தான் சொல்கிறது. ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. அதை அணைத்துவிட்டு, திட்ட ஆளில்லாமல் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வேர்க்கடலையின் உப்பு ஒட்டிய விரல்கள், ஜன்னல் கம்பியில் மோதி வரும் குளிர்காற்று, இடமில்லாத இருக்கையில் இன்னும் ஒருத்திக்காக நகர்ந்து உட்காரும் இடுப்புகள். இவற்றுக்கு யாரும் மணி அடிப்பதில்லை.

போன மாதம் கிளாரா டீச்சர் போன் செய்தார். "அக்கா இப்பல்லாம் ரயிலுக்கு வர்றதில்லப்பா. போய்ப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சாம்பியனில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு இளநீர் குடித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் சின்ன பாட்டில் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர்.

"வா ஆபீஸம்மா. பாத்தியா கூத்த? ஹார்ட்டு வீக்காம். தண்ணிய அளந்துதான் குடிக்கணுமாம். ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு பொண்ணு காவல் காக்கறா."

கட்டிலோரமாக உட்கார்ந்தேன். அவளே பேசினாள்.

"டாக்டர ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ரொம்பக் குடிச்சதால வந்துச்சா சார்னு. இல்லம்மா, அது நல்லதுதான், இது வேற நோவுன்னாரு. அப்பதான் மூச்சே வந்துச்சு. இல்லன்னா ஒங்க எல்லாருக்கும் நான் இன்னா பதில் சொல்றது?"

மகள் எனக்காக ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். டம்ளரில் அவளே ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"வெயில்ல வந்துகீற. மெதுவா குடி."

குடித்தேன். அவள் கண் என் வாயைவிட்டு அகலவில்லை. நான் விழுங்க விழுங்க, அவள் தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது.

"ஜில்லுனு கீதா?"

"கீதுக்கா."

உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தாள். அத்தனை நிம்மதியான முகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எனக்குத் தாகமே இல்லை. டம்ளரை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றேன்.