டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்றாள் அம்மா, கரண்டியைப் பையனின் முகத்துக்கு நேராக நீட்டி.

பையன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

“உன்னைப் பத்தித்தானே கேக்கறேன். பக்கத்து வீட்டுக்காரனைப் பத்தியா கேக்கறேன்?”

“தெரியும்மா. இங்கிலீஷ்ல கேட்டா நான் யாருன்னே மறந்துபோகுது.”

இண்டர்வியூ வியாழக்கிழமை. பையனுக்கு இது நாலாவது. முதல் இண்டர்வியூவில் கேள்வி வருவதற்கு முன்பே “தேங்க் யூ சார்” என்று எழுந்து வந்துவிட்டான். இரண்டாவதில் பெயரைக் கேட்டதற்கு “பிரசன்ட் சார்” என்றான். மூன்றாவது, போனில் முகம் பார்த்துப் பேசுகிற இண்டர்வியூ. அதில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து, நெட் நின்றுவிட்டது என்று முடிவுகட்டி, எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டு லைனை வைத்துவிட்டார்கள்.

இப்போது வந்திருப்பது வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை. வாயே திறக்காதவனுக்குப் பேசுகிற வேலை எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தையல்காரர். வீட்டின் முன் அறைதான் கடை. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா திங்கட்கிழமை காலையில ரெண்டாவது மிஷின்ல வந்து உக்காருடா. சும்மாதானே கிடக்கு.”

பையனுக்குத் தைக்கத் தெரியாது என்றில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த மிஷினில்தான் கிடப்பான். அம்மாவுக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து, துணி கேட்டு யார் வந்தாலும் “அவர் வெளிய போயிருக்காரு” என்று சொல்வது அவள் பொறுப்பு. தையல்காரர் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கும் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாளைக்கு மகனும் அந்தத் திரைக்குப் பின்னால் போய் நின்றுவிடக் கூடாது. மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, கழுத்தில் அளவு டேப்புக்குப் பதிலாக ஐடி கார்டு. இதுதான் அவள் கேட்டது.

அந்த ஐடி கார்டு மேல் ஒரு காலத்தில் அவளுக்கே ஆசை இருந்தது. படித்து முடித்ததும் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டாள்; இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போட்டுக்கொண்டு போக ஒரு புது உடுப்பு தைக்கக் கொடுத்தாள். தையல்காரர் சொன்ன தேதிக்குத் தரவில்லை. இண்டர்வியூ போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்த தையல்காரர் அப்படியே பெண் கேட்டுவிட்டுப் போனார். அந்த உடுப்பை அவர் இன்னும் முடித்துத் தரவில்லை.

அம்மா ஒரு இண்டர்வியூ வழிகாட்டிப் புத்தகம் வாங்கி வந்தாள். சமையலறை பள்ளிக்கூடமானது.

“ஸ்ட்ரெங்த்னா பலம். வீக்னஸ்னா பலவீனம். பங்க்சுவல்னா நேரம் தவறாத ஆளு. டெட்லைன்னா சொன்ன தேதி.”

“சொன்ன தேதின்னா?” என்றார் சாப்பிட வந்த தையல்காரர்.

அம்மா சோற்றைப் போட்டாள். சில வார்த்தைகளைச் சில வீடுகளில் விளக்க முடியாது.

கேள்வி கேட்டுக் கேட்டு, புத்தகம் முழுக்க அம்மாவுக்கு அத்துப்படியானது. பையன் முதல் பக்கத்தில் இருந்தான். சும்மா இருக்க முடியாமல் அவள் வாசலுக்கு வந்தவர்களையும் கேட்க ஆரம்பித்தாள். பேப்பர் போடுகிறவரிடம் ஒரு காலை “வொய் ஷுட் வி ஹயர் யூ?” என்றாள். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு யோசித்தார். “ஐ ஆம் பங்க்சுவல் மேடம்” என்று சொல்ல வைத்த பிறகுதான் விட்டாள். மறுநாளிலிருந்து பேப்பர் விடிவதற்குள் வந்து விழுந்தது. வாய்விட்டுச் சொல்லிவிட்டாராம், மாற முடியவில்லையாம்.

பையனுக்கு மட்டும்தான் எதுவும் ஏறவில்லை.

“புரிஞ்சுக்க வேணாம், மனப்பாடம் பண்ணு” என்றாள் அம்மா.

பண்ணினான். ஆனால் ஒரு பதிலைத் தொட்டால் எல்லாப் பதிலும் வரிசையாக வந்து விழுந்தன. “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்” என்று கேட்டால், தன்னைப் பற்றிச் சொல்லி, பலம் சொல்லி, பலவீனம் சொல்லி, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பான் என்பதையும் சொல்லி, நன்றி கூறி முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது இப்போது அவனுக்கு அடியோடு மறந்துபோனது.

“சரி. கேள்வியைக் காதுலயே வாங்காத. என் கையைப் பாரு.”

நெஞ்சைத் தொட்டால் தன்னைப் பற்றி. புஜத்தைத் தொட்டால் ஸ்ட்ரெங்த். இடுப்பைப் பிடித்தால் வீக்னஸ். அவளுக்கு அங்கேதான் வலி. கையை அகல விரித்தால், நான் எல்லாரோடும் சேர்ந்து வேலை செய்வேன். தோளிலிருந்து கீழே நீளமாக இழுத்துக் காட்டினால், ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பேன். கரண்டி உயர்ந்தால் நிறுத்து.

பையன் மணி மணியாகப் பேசினான். தையல்காரரே வெட்டிக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு வந்து பார்த்தார். அம்மா அடுப்பை அணைக்க அந்தப் பக்கம் திரும்பினாள். பையன் பாதி வார்த்தையில் நின்றுபோனான்.

“பரவால்ல, இதுவும் போன்லதானே இண்டர்வியூ” என்றாள் அம்மா. “போனுக்குப் பின்னாடி நான் நின்னுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?”

வியாழக்கிழமை வந்தது. வீட்டில் நெட் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கடை ஒன்றுதான். பையனை ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். அவனுக்குப் பின்னால் பாதி தைத்த சட்டைகள் வரிசையாகத் தொங்கின. போன் திரையில் பார்த்தால், தலையில்லாத ஒரு கூட்டம் அவனை மிரட்டி உட்கார வைத்திருப்பது போல இருந்தது.

“அந்த நடுத் திரையைக் கழட்டிச் சட்டைங்க மேல போட்டு மூடுங்க” என்றாள் அம்மா.

தையல்காரர் மனசே இல்லாமல் நடுத் திரையைக் கழற்றினார். அவருக்கு அது வெறும் துணி இல்லை. சட்டைகள் மேல் போட்டு ஆணி அடித்தார். ஆணி சுவரில் இருந்த காரையைக் கொண்டுவந்தது, காரை திரையைக் கொண்டுவந்தது, மூன்றும் பையன் தலையில் விழுந்தன.

கடையில் பார்க்கும்படியாக இருந்த ஒரே பக்கம், துணி போட்டுப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடி இருந்த பக்கம். கண்ணாடி பையனின் முதுகுப் பக்கம் வரும்படி ஸ்டூலையும் போனையும் திருப்பிப் போட்டார்கள்.

“பளிச்சுனு இருக்கு. கடையே ரெண்டு மடங்காத் தெரியுது” என்றார் தையல்காரர்.

“நீ போனைப் பாக்காத. என்னை மட்டும் பாரு” என்று பையனிடம் சொல்லிவிட்டு, அம்மா போனுக்குப் பின்னால் போய்க் கரண்டியோடு நின்றாள்.

போன் திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடி போட்டவர்; கேள்வி கேட்பது அவர் வேலை. பக்கத்தில் ஒரு மேடம், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.”

அம்மா நெஞ்சைத் தொட்டாள். பையன் பேசினான். தங்கு தடையில்லாமல் பேசினான். புஜத்தைத் தொட்டாள், பலத்தைச் சொன்னான். கரண்டியைத் தூக்கினாள், நிறுத்தினான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கோட்டுக்காரர் உள்ளே வந்தார்.

கோட்டுக்காரர் மூன்று வாரமாக ஒரு கோட்டுக்காக நடந்துகொண்டிருப்பவர். தையல்காரர் அவரைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு எட்டில் திரைக்குப் பின்னால் போனார். திரை இல்லை. வெறும் கம்பிக்குக் கீழே முழுசாக நின்றுகொண்டிருந்தார்.

“எப்ப வந்தாலும் வெளிய போயிருக்கீங்கன்னுதானே சொல்வாங்க” என்றார் கோட்டுக்காரர்.

“இப்பத்தான் வந்தேன்” என்றார் தையல்காரர், தணிந்த குரலில். “கோட்டு முடிஞ்ச மாதிரிதான். அளவை ஒரு தடவை சரிபாத்துடலாம், வாங்க.”

அளவெடுக்க அவருக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். அது அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

“வொய் டு யூ வான்ட் டு ஜாயின் அவர் கம்பெனி?” என்றார் மூக்குக்கண்ணாடி.

தையல்காரர் கோட்டுக்காரரின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார்.

“மை வீக்னஸ் இஸ், ஐ வொர்க் டூ ஹார்ட்” என்றான் பையன்.

டேப் நெஞ்சுக்குப் போனது. பையன் தன் பெயர், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னான். கோட்டுக்காரர் கையை அகல விரித்தார். பையன் எல்லாரோடும் சேர்ந்து வேலை செய்தான். டேப் தோளிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. பையன் ஐந்து வருடத்தைக் கடந்தான்.

“இடுப்பு போன தடவை இதைவிடக் கம்மியா இருந்துச்சே” என்று கோட்டுக்காரர் முணுமுணுத்தார். தையல்காரர் மறுபடி அளந்தார். பையன் அதே பலவீனத்தை இந்த முறை இன்னும் உருக்கமாகச் சொன்னான்.

அம்மா கரண்டியை உயர்த்தினாள்.

பையன் நின்றான். தையல்காரர் டேப்போடு நின்றார். கோட்டுக்காரர் விரித்த கையை மடக்காமல் நின்றார். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியால் கோட்டுக்காரரை மூலையில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தார். கணவரைச் சுவரோரம் போகச் சொன்னாள், போனார். பிறகு பையன் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, மீதிக் கேள்விகளுக்கு அவள் கையைப் பார்த்து ஒழுங்காகப் பதில் சொன்னான்.

கடைசியில் மூக்குக்கண்ணாடி, “டு யூ ஹாவ் எனி க்வெஸ்சன்ஸ் ஃபார் அஸ்?” என்றார்.

இது புத்தகத்திலேயே இல்லை. இதற்குக் கையும் இல்லை. அம்மா கரண்டியைக் கை மாற்றினாள். பிறகு, என்ன தோன்றியதோ, கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு வளையம் வரைந்து, நெஞ்சுக்கு நடுவே சின்னதாக ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள்.

“வென் வில் யூ கிவ் ஐடி கார்டு சார்?” என்றான் பையன்.

லைன் போனதும் அம்மா கரண்டியை இறக்கினாள்.

“அந்த மேடம் கடைசியில சிரிச்சாங்கம்மா” என்றான் பையன். “ஆனா என்னைப் பாக்கவே இல்ல. என் தோளுக்கு மேல எங்கயோ பாத்துட்டு இருந்தாங்க.”

“அலுத்துப்போயிருக்கும்” என்றார் தையல்காரர்.

“எனக்கு அலுக்கல” என்றார் பெஞ்சில் இருந்த கோட்டுக்காரர். “கோட்டு எப்ப கிடைக்கும்?”

“சனிக்கிழமை.”

யாரும் அதை நம்பவில்லை, சொன்னவர் உட்பட.

ஆனால் மறுநாள் காலை, யாரும் சொல்லாமலேயே பையன் இரண்டாவது மிஷினில் போய் உட்கார்ந்தான். கோட்டை எடுத்துப் பிரித்து, கை வைத்து, உள்துணி கொடுத்துத் தைத்தான். தையல் கோடு பிடித்த மாதிரி ஓடியது. தையல்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

“என்னடா இது, திங்கட்கிழமை இன்னும் வரலயே” என்றாள் அம்மா.

“நிம்மதியா இருக்கும்மா. இது கேள்வி கேக்கறதில்ல.”

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்குத் தன் உடுப்பு, இன்றைக்குப் பிள்ளை. இரண்டையும் அந்தக் கடையே வைத்துக்கொண்டது. புத்தகத்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை கோட்டுக்காரர் சண்டைக்குத் தயாராக வந்தார். கோட்டு தயாராக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் போட்டுப் பார்த்தார், கச்சிதமாக இருந்தது, மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. பையன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இண்டர்வியூ ரிசல்ட் சொல்லத்தான் கூப்பிட்டேன் சார்” என்றது ஒரு பெண் குரல், அந்த ஆபீஸின் வரவேற்பில் இருப்பவள். “எங்க மேடம் அந்த ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க. ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்றாங்க.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கோட்டுக்காரர் எழுந்து நின்றார். தையல்காரர் இரண்டாவது மிஷினைத் துணி போட்டு மூடப் போனவர், பாதியில் நின்று பையனையே பார்த்தார். பையன் முகத்தில் ரத்தமே இல்லை. இருந்தாலும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுக் காட்டியதைப் பார்த்து, “தேங்க் யூ மேடம், ஐ ஆம் வெரி ஹேப்பி” என்றான்.

“ஐயோ, நீங்க இல்ல சார்” என்றாள் அந்தப் பெண். “உங்களுக்குப் பின்னாடி கண்ணாடியில ஒருத்தங்க கரண்டியோட நின்னு, வாயே திறக்காம உங்க எல்லாரையும் ஆட்டி வச்சாங்களே, எங்க பசங்களைப் பேச வைக்கற ட்ரெயினரா அவங்களைத்தான் எடுத்திருக்கோம், ஐடி கார்டுல போடணும், அவங்க பேர் என்ன சார்?”