மாப்பிள்ளை வீடு பார்க்கப் போய்க் கல் பார்த்து வந்த விவரம்

கோவில்பட்டி,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய புதியம்புத்தூர் அத்தான் முத்துசெல்வம் அவர்களுக்கும், உடன்பிறந்த அக்காளுக்கும் மைத்துனன் சுடலைராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

இவ்விடம் எல்லாரும் சுகம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இவ்விடம் ஏழு பேருக்குச் சளி, ரெண்டு பேருக்குக் காய்ச்சல், சின்னையா காமராஜுக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல். இத்தனைக்கும் காரணம் தாங்கள் கொண்டுவந்த சம்பந்தம். போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறந்ததும் தையல் கூடத்தில் கட்டிங் மாஸ்டர் கூப்பிடுதாரு என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். மூணு தடவை வைத்தாயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்தாக வேண்டும்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை. என் மகள் காளீஸ்வரிக்கு மூணு வருஷத்தில் பதினோரு ஜாதகம் பார்த்தோம். பதினோரு பேரையும் ஏதாவது ஒன்று சொல்லித் தட்டிவிட்டாள். பன்னிரண்டாவதாக நீங்கள் மாதவன் ஜாதகத்தைக் கொண்டுவந்தீர்கள். நம்ம ஆட்கள்தான், தாத்தா காலத்தில் கீழ்மலைப் பக்கம் போய் மளிகைக் கடை போட்டவர்கள், பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்றீர்கள். பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே காளீஸ்வரி "சரிப்பா" என்றாள். மூணு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சரி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேன் பிடித்து, போன ஞாயிற்றுக்கிழமை பதினேழு பேராக மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். கெட்ட பழக்கம் கிடையாது என்றீர்களே அத்தான், இந்தக் கல் பழக்கத்தை எதில் சேர்க்க?

புறப்படும் முன்பே எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்கிற வரைக்கும் அங்கே ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது. அவர்கள் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி, அப்புறம் பேச்சு மாற முடியாது. வீட்டுக்குள் நுழைய நல்ல நேரம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. பத்தரைக்கே மலை ஏறிவிட்டோம். ஊருக்கு இன்னும் ரெண்டு வளைவு என்கிற இடத்தில் மாப்பிள்ளை ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். வரவேற்க வந்திருக்கிறார், மரியாதை தெரிந்த பையன் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கிட்டே போனால் தலையில் தொப்பி, காலில் சேறு பிடித்த பூட்ஸு, இடுப்பில் இஞ்சு டேப்பு. பழைய கல்லு வழியிலதான் இருக்கு மாமா, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம் என்றார். கரிசல்காட்டில் ஒரு எட்டு என்றால் ஒரு எட்டுதான். அங்கே அது ஒண்ணரை மணி நேரம், அதுவும் செங்குத்தாக.

முதலில் ஒரு பாறைக்கு அடியில் குனிந்து போகச் சொன்னார். பட்டுச்சேலை கட்டிய ஏழு பெண்கள் மண்டி போட்டு நகர்ந்து போனார்கள். உள்ளே வெள்ளையாக நாலு கோடு. மனுசன் மாட்டின் மேல் ஏறிப் போகிறானாம், பல நூறு வருஷம் ஆயிற்றாம். எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் குடோன் சுவரில் லோடுமேன் கிறுக்கியிருப்பது இதைவிடத் தெளிவாக இருக்கும், அதன்மேல் நான் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தது எழுத்து வெட்டிய பாறை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பாதி அழிந்துவிட்டதாம். மூணாவது ஒரு நடுகல். நாலாவது இடத்தில் ஒரு கோட்டை இருந்ததாம். இருந்ததாம் என்றால் இப்போது இல்லை. இல்லாத கோட்டையைப் பார்க்க, எழுபத்திரண்டு வயது சின்னையா ரெண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மேடேறினார். என் வீட்டுக்காரி உமாதேவி காலில் அட்டை கடித்து ரத்தம். மணி ரெண்டாகிவிட்டது, நல்ல நேரம் போயே போயிற்று.

ஐந்தாவது இடத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தோம். மேட்டின் மேல் வரிசையாக ஒன்பது சின்னச் சின்ன மண்டபம். மூணு பக்கம் பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடியிருந்தார்கள். கற்திட்டை என்று அதற்குப் பேராம். நல்ல காற்று. மாப்பிள்ளை பக்கத்துப் பாறையில் இலையைப் போட்டு, கூடையிலிருந்து புளியோதரையும் தேங்காய்த் துவையலும் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கையாலே செய்ததாம். நான் முறைத்த முறைப்பில் ஒருத்தரும் இலைப் பக்கம் போகவில்லை, ஒரே ஒரு நிமிஷம். அப்புறம் பதினாறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் தள்ளிப் போய், ஒரு கல் மறைவில் காய்ந்த கையோடு நின்றேன் என்பதைத் தாங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ளவும். துவையலில் பூண்டு ஒரு பல் கூடுதல், புளியோதரையில் நல்லெண்ணெய் தாராளம், வத்தல் மொறுமொறுவென்று இருந்தது எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேள்வி.

சாப்பிட்டு முடித்த சின்னையா ஒரு மண்டபத்தில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டே, இது எந்தச் சாமிக்கு எடுத்தது என்று கேட்டார்.

"சாஞ்சிராதீங்க தாத்தா. இது சாமிக்கு இல்ல, செத்தவங்களுக்கு எடுத்தது" என்றார் மாப்பிள்ளை.

நல்ல காரியத்துக்குப் போனவர்களை இடுகாட்டில் உட்கார வைத்துப் பந்தி போட்ட மாப்பிள்ளையைத் தாங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா அத்தான்? சின்னையா எழுந்த வேகத்தில்தான் இடுப்பு பிடித்தது. தலைமுழுகாமல் ஒருத்தரும் மாப்பிள்ளை வீடு ஏறக் கூடாது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கீழே ஒரு ஓடை. அதில் ஓடுவது தண்ணியா ஐஸா என்று கடவுளுக்குத்தான் தெரியும். பதினேழு பேரும் உடுத்திய துணியோடு முங்கி எழுந்தோம். ஒரு குடம் தண்ணிக்குக் காத்துக் கிடக்கிற ஊர்க்காரர்கள், தண்ணியைக் கண்டு அழுதது அன்றைக்குத்தான்.

பல் கிட்டிக்க நான் கத்தினேன். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று கத்தினேன். மாப்பிள்ளை துண்டை எடுத்து நீட்டினார்.

"மறைச்சுப் பொண்ணு கேக்க எனக்குத் தெரியாது மாமா. ஞாயித்துக்கிழமை கடைய அடைச்சா நான் இங்கனதான் கெடப்பேன். அத இன்னைக்கே நீங்க தெரிஞ்சுக்கிடணும்லா" என்றார். பிறகு அந்தக் கல்லைக் காட்டினார். "இந்த மூடுகல்லத் தூக்க அம்பது பேராவது வேணும். செத்துப்போன ஒருத்தருக்காக அம்பது பேரு சேந்து தூக்கியிருக்காவ மாமா."

அந்தக் கடைசிப் பேச்சு நாலு நாளாக என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆபீஸில் அட்டைக் கட்டைப் பார்த்தால், இதைத் தூக்க எத்தனை பேர் என்று மனசு கேட்கிறது. எங்களைப் பெற்ற அய்யாவைப் புதைத்த இடத்தில் எட்டு வருஷமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, அது இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

ஈரத்துணியோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் வேன் போய் நின்றபோது மணி நாலு முப்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், ஆறு மணி வரைக்கும் இறங்கக் கூடாது என்று சின்னையா கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாயார் வள்ளிமயில் பாவம், காபித் தட்டோடு வீட்டுக்கும் வேன் ஜன்னலுக்குமாக நடந்தார். நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. பனி இறங்கிவிட்டால் வண்டி ஓட்ட மாட்டேன் என்று டிரைவர் ஐந்தரைக்கே கிளப்பிவிட்டார். ஆக, வீடு பார்க்கப் போன நான் பார்த்தது ஒரு வாசற்படியும் ரெண்டு ரோஜாத் தொட்டியும்தான்.

ஆகையால் இந்தச் சம்பந்தத்தை இத்தோடு நிறுத்திவிடவும். முறைப்படி ஒரு இடைஞ்சலும் இல்லை. மற்றவர்கள் நனைத்தது அவரவர் கை, பெண்ணைப் பெற்றவன் கை காய்ந்த கை. அதுவும் அவர்கள் சாப்பிட்டது மாப்பிள்ளை வீட்டில் இல்லை, பொதுப் பாறையில். காளீஸ்வரி நாலு நாளாக என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பேசாவிட்டால் போகட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத வரவில்லை. எனக்கு அது தாங்கவும் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

தங்கள் தையல் மெஷின்கள் ஒரு நாளும் நிற்காமல் ஓடவும், பண்டிகை ஆர்டர் நிறைய வரவும், தாங்களும் அக்காளும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். அக்காளிடம் ஒன்று சொல்லவும். நேற்று ஆள் கூட்டிப் போய் அய்யா இருக்கிற இடத்தில் கருவேலத்தை எல்லாம் வெட்டிவிட்டேன். அதற்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்படிக்கு,
கோபம் குறையாத மைத்துனன்
சுடலைராஜ்.

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை கேட்டேன். கொண்டுவந்த காளீஸ்வரி, நின்ற நிலையிலேயே கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். பிறகு போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். மாப்பிள்ளை அன்றைக்கே அனுப்பிய படமாம். கல்லின் உயரம் தெரிவதற்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது படம் எடுப்பார்களாம். அவர் எடுத்த கல், நான் மறைந்திருந்த கல்.

"காய்ஞ்ச கைன்னு எழுதியிருக்கீங்க. இது யாரு கைப்பா? முழங்கை வரைக்கும் எண்ணெய் வழியுது" என்றாள்.

நாலு நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு. பேசிவிட்டுச் சிரித்தாள் அத்தான். நான் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டிருக்க முடியும்? மூணு தடவை வாங்கித் தின்றேன் என்று ஒத்துக்கொண்டேன். மூணு தடவையும் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்தவர் மாப்பிள்ளைதான். கை நனைத்தவன் பேச்சு மாறக் கூடாது. ஆகையால் தை மாதத்தில் நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லவும்.

அங்கே ஆறாவதாக ஒரு இடம் இருந்ததாம். நான் போட்ட சத்தத்தில் அதைப் பார்க்காமல் வந்துவிட்டோம், மனசு கிடந்து உறுத்துகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதே வேன்தான் சொல்லியிருக்கிறேன். கட்டிங் மாஸ்டரைச் சாக்குச் சொல்லாமல் தாங்களும் அக்காளும் சனிக்கிழமையே வந்துவிடவும். மாற்றுத்துணி மறக்க வேண்டாம், சின்னையாவும் வருகிறார்.