‘சொன்னார்’ அங்கிள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கர்த்தர் அதிகமாகப் பேசியது எங்கள் சபையின் ‘சொன்னார்’ அங்கிளிடம்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மற்ற விசுவாசிகளெல்லாம் உபவாசம் இருந்து, முழங்காலில் நின்று, கண்ணீர் விட்டால்தான் உள்ளத்தில் மங்கலாக ஏதோ தோன்றும். அதுவும் கர்த்தரா, வெறும் வயிற்றின் வேலையா என்று குழப்பமாக இருக்கும். அங்கிளுக்கு அந்தச் சிரமமே இல்லை. காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும். எந்தக் கடையில் நாசி லெமாக் சோறு வாங்குவது, ஃபெடரல் ஹைவேயில் போவதா பழைய ரோட்டில் போவதா, நீலச் சட்டையா கோடு போட்ட சட்டையா, எல்லாவற்றுக்கும் மேலிருந்து உத்தரவு வரும்.

அங்கிளின் தொழில் ஏர்கோன் என்கிற குளிர்சாதனங்களை ரிப்பேர் செய்வது. கூரையில் ஏணி கட்டிய பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். ஒருமுறை தீபாவளிச் சமயத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்கு அவரோடு போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பார்க்கிங்குக்கு இடமே இல்லை. அங்கிள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். பின்னால் ஹாரன்கள் அலறின.

“சொன்னார்! இடது பக்கம், பூக்கடைக்கு முன்னால.”

“அங்கிள், அங்க மஞ்சக் கோடு போட்டிருக்கே.”

“அவருக்குத் தெரியாத கோடா தம்பி?”

நாங்கள் முறுக்கும் வேட்டியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வேனின் முன்சக்கரத்தில் நகராட்சிப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“பாத்தியா? நமக்குப் பொறுமையக் கத்துக் குடுக்கத்தான் இந்த இடத்தைச் சொல்லிருக்காரு லா.”

இதுதான் அங்கிளின் விசேஷம். இடம் கிடைத்தால் கர்த்தர் சொன்னது. சக்கரத்தில் பூட்டு விழுந்தால் அது கர்த்தர் சொன்னதன் இரண்டாம் பாகம். எந்தப் பக்கம் போனாலும் அவரைப் பிடிக்க முடியாது.

எங்கள் சபை கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஆராதனை உச்சத்தை எட்டும் நேரம் பார்த்துக் கீழே மீன் பொரிப்பார்கள். பரிசுத்தத்துக்கும் பசிக்கும் நடுவில் சபையே தள்ளாடும். பாட்டு வரிகளைத் திரையில் ஓட்டுவது என் ஊழியம். பின்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதால் எல்லாரையும் எனக்கு நன்றாகத் தெரியும். முதுகுப் பக்கமாக.

கர்த்தரின் சத்தத்தை எப்படி அறிவது என்று எங்கள் பாஸ்டர் அடிக்கடி பிரசங்கிப்பார். வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார், அவசரப்படாதே, அனுபவசாலிகளிடம் கேள் என்பார். அருமையான பிரசங்கங்கள். ஆனால் பிரசங்கத்தில் கர்த்தர் பேசுவது எப்போதும் பக்கத்து நாற்காலிக்காரரிடம்தான் என்பது எங்கள் சபையின் அசைக்க முடியாத நம்பிக்கை. பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசினால் மாமியார் மருமகளைப் பார்ப்பார், மருமகள் மாமியாரைப் பார்ப்பார். முடிந்ததும் இருவரும் தனித்தனியே வந்து, “கர்த்தர் இன்னிக்கித் தெளிவாப் பேசினாரு பாஸ்டர்” என்று கைகொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒரே காரில் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களும் சபையில் பெருகினார்கள். “கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்” என்று எழுந்து நிற்காத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பாஸ்டர் பயந்துபோய் ஒரு சட்டம் கொண்டுவந்தார். யார் என்ன சொன்னாலும் இன்னொருவர் எழுந்து அதை உறுதிப்படுத்த வேண்டும். அப்படி உறுதி செய்யும் ஆளாக அங்கிள் அமர்ந்ததற்கு ஒரு சம்பவம் காரணம்.

ஒரு ஞாயிறு பிரசங்கம் பாதியில் இருந்தது. அங்கிள் திடீரென்று எழுந்து, “பாஸ்டர்! கர்த்தர் சொல்றாரு, மெயின் சுவிட்ச்ச அடைங்க!” என்று கத்தினார். அடைத்த மறுகணம் ஏர்கோனிலிருந்து கரும்புகை வந்தது. சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொல்லி அழுதது. முப்பது வருடமாக ஏர்கோன் பார்க்கிற மனிதருக்கு மோட்டார் சத்தம் மாறினால் காது கேட்காதா என்று நான் மட்டும் நினைத்தேன். நினைத்ததை வாயைத் திறந்து சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது.

அதிலிருந்து யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் பாஸ்டர் அங்கிள் பக்கம் திரும்புவார். “அங்கிள், உங்களுக்கும் அப்படித்தானா?” அங்கிள் கையைத் தூக்குவார். “சொன்னார், சொன்னார்.” அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். இல்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஒரு சிஸ்டருக்குச் சபை முகாம் போர்ட்டிக்சன் கடற்கரையில் என்று வெளிப்பட்டது. அதே நாள் ஒரு பிரதருக்குக் கேமரன் மலை என்று வெளிப்பட்டது. அங்கிள் இரண்டுக்கும் ‘சொன்னார்’ போட்டார். பாஸ்டர் திணறிப்போய், “எப்படி அங்கிள் ரெண்டும்?” என்றார்.

“முதல்ல தாழ்த்துவாரு, அப்புறம் உயர்த்துவாரு பாஸ்டர்.”

கடைசியில் முகாம் சபை மண்டபத்திலேயே நடந்தது. கீழ்க்கடைச் சாப்பாடு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு தீர்க்கதரிசி வந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் காலணி, பையைத் தூக்க ஓர் உதவியாளர். மைக்கைப் பிடித்ததும் கண்ணை மூடினார்.

“முட்டிவலியோட ஒருத்தர் இங்க வந்திருக்கீங்க.”

பாதிச் சபை எழுந்தது. மீதிப்பேர் எழ முயன்று முட்டிவலியால் உட்கார்ந்துவிட்டார்கள்.

“‘ச’வில தொடங்குற பேரு. ஒரு சகோதரி.”

சரோஜா, செல்வி, சாந்தி, சூசன் என்று பெண்கள் பக்கத்து நாற்காலிகள் காலியாயின.

“ஒரு வெள்ளைக் கார் தெரியுது.”

மலேசியாவில்! தெருவில் பாதி வெள்ளைக் கார்தான். ஓட்டுநர் உரிமம் இருந்த அத்தனை பேரும் அல்லேலூயா என்றார்கள். நான் சிரிப்பை அடக்க லேப்டாப் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது தீர்க்கதரிசி மேடையிலிருந்து இறங்கி ஸ்டெல்லா அக்காவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அக்கா என் அடுத்த வீட்டுக்காரர். பாலர் பள்ளி ஆசிரியை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தி அவர் கையில் புடைத்திருந்த நரம்பைக் கண்டுபிடிக்க எந்தத் தரிசனமும் தேவையில்லை. முன்வரிசையில் இருந்தால் கண்ணே போதும்.

“மகளே,” என்றார் தீர்க்கதரிசி. “உன் சிறுநீரகத்தைக் கர்த்தர் புதுசாக்கிட்டாரு. நாளையில இருந்து அந்த மெஷின் உனக்கு வேண்டாம். போனா அது அவிசுவாசம்.”

சபை கைதட்டியது. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. வந்த விருந்தாளியை எப்படி மறுப்பது? ஆமென் என்று எப்படிச் சொல்வது? மனிதர் தன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க சபையில ஒரு வழக்கம் இருக்கு ஐயா. இன்னொருத்தர் உறுதிப்படுத்தணும்.” பின்வரிசைப் பக்கம் பார்த்தார். “அங்கிள்... உங்களுக்கும் அப்படித்தானா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த இரண்டு வார்த்தைக்காகச் சபை காத்திருந்தது. பூக்கடைக்கும் முகாமுக்கும் ‘சொன்னார்’ சொன்ன மனிதர் இதற்கு மட்டும் சொல்லாமல் இருப்பாரா?

அங்கிள் எழுந்தார். கை மேலே போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கல பாஸ்டர்.”

“நல்லா ஜெபிச்சுக் கேளுங்க ஐயா,” என்றார் தீர்க்கதரிசி.

அங்கிள் கீழ்ப்படிந்து கண்ணை மூடினார். கீழே மீன் பொரியும் சத்தம் மட்டும் கேட்டது.

“இப்பவும் ஒண்ணும் சொல்லல.”

“இது அவிசுவாசத்தின் ஆவி!”

“இருக்கலாம் ஐயா. அதுக்காக, கேக்காததைக் கேட்டேன்னு எப்படிச் சொல்றது?”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பாஸ்டர் அவசர அவசரமாகக் கடைசிப் பாட்டை அறிவித்தார். நான் பதற்றத்தில் கிறிஸ்துமஸ் பாட்டைத் திரையில் போட்டுவிட்டேன். சபை அதையும் பாடியது.

மறுநாள் திங்கட்கிழமை, அக்காவின் டயாலிசிஸ் நாள். நான் வேலைக்குக் கிளம்பினால், என் வாசலை மறித்தபடி அங்கிளின் வேன் நிற்கிறது. அடுத்த வீட்டுக் கேட்டுக்கு வெளியே அங்கிள், உள்ளே ஸ்டெல்லா அக்கா.

“ஏறுங்க சிஸ்டர், போயிட்டு வந்துடலாம்.”

“நான் சொஸ்தமாயிட்டேன் அண்ணே. வரல.”

“ரொம்ப சந்தோஷம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். கர்த்தர் செஞ்ச வேலைன்னா டெஸ்ட்டுக்கா பயப்படப்போறாரு?”

அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. “எத்தன பேருக்கு சொன்னார் சொன்னார்னு சொன்னீங்க. பார்க்கிங்குக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏண்ணே சொல்லல? ஒரே ஒரு தடவ சொல்லிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே.”

அங்கிள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “வாய் வரைக்கும் வந்துச்சு சிஸ்டர். சத்தியமா வந்துச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு எனக்கு அவ்ளோ ஆசை. அதுதான் பயமாப் போச்சு. அது என் சத்தம்னு நல்லாத் தெரிஞ்சிருச்சு.”

அக்கா அழுது முடிக்கும்வரை நின்றார். பிறகு அக்கா பையை எடுத்துக்கொண்டு வந்து வேனின் பின்சீட்டில், ஏர்கோன் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. கோபம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. இன்னும் சில நாள் போயிருந்தால் மூச்சுத் திணறலோடுதான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் கடிந்துகொண்டாராம். அக்காவை மெஷினில் போட்டார்கள். அங்கிள் அன்றைய வேலையெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு வெளியே காத்திருந்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

சபை அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கிளின் அவிசுவாசம்தான் அற்புதத்தைத் தடுத்துவிட்டது என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. அக்கா குணமாகியிருந்தால் தீர்க்கதரிசியின் வரம், ஆகாததால் அங்கிளின் பாவம். சக்கரத்துப் பூட்டை ஆசீர்வாதமாக்கிய அங்கிளின் வித்தையை அவரிடமே கற்று, அவர்மேலேயே பிரயோகித்தார்கள். சிலர் அவருக்குக் கைகொடுப்பதையும் நிறுத்தினார்கள். தீர்க்கதரிசி அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவருடைய உதவியாளர் மட்டும் இன்றுவரை எனக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறார்.

பாஸ்டர் மட்டும் ஒரு ஞாயிறு மேடையிலேயே, “அன்னிக்கி நான் சொல்லிருக்க வேண்டியத அங்கிள் சொன்னாரு” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டு பிரசங்கத்துக்குப் போனார். பின்வரிசையில் அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். முதன்முறையாக அந்தப் பிரசங்கம் பக்கத்து நாற்காலிக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு ஒருநாள் மாமாக் என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“அங்கிள், உண்மையச் சொல்லுங்க. பார்க்கிங்குக்கெல்லாம் நிஜமாவே அவரா சொன்னாரு?”

அங்கிள் சிரித்தார். “சில நேரம் அவரு, சில நேரம் நானு. எனக்கே பிரிச்சுத் தெரியாது தம்பி. பார்க்கிங் தப்பாப் போனா இன்னொரு ரவுண்டு அடிக்கலாம். ஒரு பொம்பளையோட உசுர வெச்சு ரவுண்டு அடிக்க முடியுமா லா?”

இறையியல் கல்லூரியில் இதற்குப் பட்டம் தருவார்களா, தெரியாது. நான் தே தாரிக்கோடு ஒரு ரொட்டியும் சொன்னேன்.

டயாலிசிஸ் நாளெல்லாம் அக்காவை ஏற்றிப்போவது அங்கிளின் வேலையாகவே ஆகிவிட்டது. பல வாரம் அக்கா பின்சீட்டிலேயே மௌனமாகப் போய்வந்தார். ஒருநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தேன். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, “அண்ணே, அந்த லோரிக்குப் பின்னால போகாதீங்க, வலது பக்கம் எடுங்க” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அங்கிள் மகள் வீட்டோடு டெங்கில் ஊரில் இருக்கிறார். அக்காவை நான்தான் ஏற்றிப்போகிறேன். போன மாதம் அங்கிளைப் பார்க்கப் போனேன். என் வேலையில் ஒரு பெரிய குழப்பம், வீட்டிலும் நிம்மதி இல்லை. அதையெல்லாம் சொன்னேன். அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. என் தலையில் கைவைத்து ஜெபித்தார். நடுவில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவருக்கு ஏதாவது கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் போதும் என்றிருந்தது.