காலிஃப்ளவர் மிஸ்ஸும் என் வலி மாத்திரையும்

மயிலாப்பூரில் மூளை உள்ளவர்கள் நிறைய உண்டு. மூளையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரைக் காலிஃப்ளவர் மிஸ் என்போம். சொந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் கேட்பதும் இல்லை.

அது என்ன கூட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போதையை விட முயல்கிறவர்கள் செவ்வாய்க்கிழமை மாலையில் கூடும் இடம். சாந்தோம் பக்கம், ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள அறை. நாற்காலி பன்னிரண்டு, ஆட்கள் எட்டு, மின்விசிறி இரண்டு, அதில் சுற்றுவது ஒன்று. யார் முகத்தையும் பார்க்காமல் இருப்பதற்காகப் போன வருடம் முதல் நாளே இவற்றையெல்லாம் எண்ணி முடித்துவிட்டேன்.

நான் குடிப்பவன் அல்ல. வெற்றிலைகூடப் போட்டதில்லை. கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். முழங்கால் அறுவைசிகிச்சையின்போது வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பழைய சீட்டைக் காட்டி வேறு வேறு பேட்டைகளில் வாங்கத் தொடங்கியிருந்தேன். புதிதாகப் பார்த்த டாக்டர் ஒருவர் கண்டுபிடித்து இங்கே அனுப்பினார். என் மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே பயம். பென்ஷனர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

மிஸ், பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்து விலகியவர். இருமல் மருந்து குடித்துக் குடித்து ஒருநாள் வகுப்பிலேயே சரிந்து விழுந்தவர். அதை வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லி முடித்ததும் பையிலிருந்து காலிஃப்ளவர் வெளியே வரும்.

“நல்லா பாத்துக்கோங்க. இதுதான் மூளை. உள்ள, இந்தத் தண்டு கிட்ட ஒரு வாத்தியார் உக்காந்திருக்கார். நல்ல பிரியாணி சாப்ட்டா ‘ஆஹா, மறுபடி வா’ன்னு டோபமைன் மணிய ஒரு தட்டு தட்டுவார். டிங்! போதைன்னா டமடமடமன்னு அடிப்பார். காது செவிடாயிடும். அப்புறம் பிரியாணிக்கு அடிக்கிற மணி கேக்கவே கேக்காது.”

“மிஸ், பிரியாணி பேச்சு வேணாம். பசிக்குது” என்பார் பாய். ராயப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். மாவா என்கிற புகையிலைப் பாக்கைப் போட்டுப் போட்டு வாய் பாதிதான் திறக்கும்.

“பசிச்சா நல்லது பாய். காது திரும்பி வருதுன்னு அர்த்தம்.”

முன்பக்கம், அதாவது நெற்றிப் பக்கம், பிரேக். “போதை தேய்க்கிறது இந்த பிரேக்கத்தான்” என்று ஒவ்வொரு பூவாகப் பிய்ப்பார். கூட்டம் முடியும்போது மூளை மேஜை முழுவதும் உதிர்ந்து கிடக்கும். “வேஸ்ட் பண்ணக் கூடாது” என்று பாய் அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் வீட்டில் செவ்வாய்தோறும் மூளை வறுவல்தான்.

மருந்துக்கடைப் பலகையைப் பார்த்தாலே மணி அடித்துவிடும் என்பது மிஸ்ஸின் கட்சி. அதனால் போகிற வழியில் மருந்துக்கடை வரக் கூடாது. மயிலாப்பூரில் மருந்துக்கடை இல்லாத தெரு! ஒருநாள் லஸ்ஸில் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

“லெஃப்ட்ல போப்பா. ஐயோ, அங்க ஒண்ணு இருக்கு, ரைட்ல திருப்பு.”

கோயில் குளத்தை மூன்று முறை வலம் வந்தோம். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார்.

“இன்னாமா நீ! மருந்துக்கடை இல்லாத ரோடு வோணும்னா கடல்லதான் ஓட்டணும். வண்டி மெதக்காது, தெர்தா?”

“சரி, நான் மூடிக்கிறேன். எடம் வந்ததும் சொல்லு” என்று மிஸ் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போட்டுக்கொண்டார். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து, முதலில் அந்த மூட்டையையும் பிறகு என்னையும் பார்த்த பார்வை இன்னும் கூசுகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் நான் வேறு ஜாதி என்றே நினைத்திருந்தேன். “நான் எண்ணித்தான் போடுகிறேன். எண்ணுகிறவன் எப்படி அடிமையாவான்?” என்று ஒருநாள் எழுந்து நின்று கேட்டேன். மிஸ் இன்னொரு பூவைப் பிய்த்து மேஜையில் வைத்தார்.

அடுத்த வாரம் பாய் பேசிக்கொண்டிருக்கையில் என் முதுகுக்குப் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும் சத்தம். என் வலது கை தானாக நீண்டது. உள்ளங்கை விரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

“சத்து மாத்திரைதான் சார்” என்றார் பின்னால் நின்ற மிஸ், மெதுவாக. “உள்ள போகணும்னே இல்ல, சத்தத்துக்கே மணி அடிச்சிடுச்சு. எண்ணுறது நீங்க. கை நீட்டுறது அது.”

பிச்சைக்காரனைப்போல் நீண்ட கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வெளியேறினேன். அதற்கப்புறம் மூன்று செவ்வாய் போகவில்லை. இரண்டாகக் குறைந்திருந்த மாத்திரை பழையபடி நான்கானது. சங்கத்தில் சண்டை என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

நான்காவது வாரம், முன்பு ஆட்டோவில் என்னை இறக்கிவிட்ட தெருவில் விசாரித்துக்கொண்டு வந்து, மிஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்திலிருந்து வருகிறேன் என்றார்.

“பென்ஷனர் சங்கமா? வாங்கோ, வாங்கோ” என்று மனைவி வரவேற்றாள். “அங்க என்ன சண்டை? இவர் ஆத்துல மூஞ்சியத் தூக்கி வச்சிண்டு உக்காந்திருக்காரே!”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“சங்கம் இல்லம்மா” என்றார் மிஸ். “நான் இருமல் மருந்துக்கு அடிமையா இருந்தவ. எங்கள மாதிரி ஆளுங்க கூடுற எடத்துக்கு சார் வந்து ஒத்தாசை பண்றார். வெளிய தெரிஞ்சா எங்களுக்கு அசிங்கம்னுதான் உங்ககிட்டகூட மாத்திச் சொல்லியிருப்பார்.”

நான் சொன்ன பொய்க்கு அவர் பொன்னாடை போர்த்திவிட்டார். மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள். “பாருங்களேன், ஒரு வார்த்தை சொல்லலை!” என்றபடி காபி கொண்டுவரப் போனாள். போகிற போக்கில், அலமாரியில் இருந்த தன் இருமல் மருந்து பாட்டிலை எடுத்துப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மிஸ் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டு, “டிகாக்‌ஷன் பிரமாதம்மா” என்று சொல்லிப் படியிறங்கினார்.

தணிக்கையில் எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்திருக்கிறேன். அன்றுபோல் என் தலை குனிந்ததில்லை.

“அந்தப் பாட்டிலை எடுத்து இருந்த இடத்திலேயே வை” என்றேன். “அங்கே நான் ஒத்தாசை பண்ணப் போகவில்லை. அவரைப்போல் நானும் ஒருத்தன்.” மாத்திரை ஒளித்துவைத்திருந்த சூட்கேஸைத் திறந்து காட்டினேன்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “அவா பாத்துண்டிருக்கச்சேயே ஒளிச்சேனே” என்றாள், அழுகிற குரலில். “ஏன் நிக்கறேள்? ஓடுங்கோ!”

புது முழங்காலோடு ஓடினேன். மிஸ் வாசல் கேட்டருகே ஆட்டோவுக்காக நின்றிருந்தார்.

“சொல்லிட்டேன் மிஸ்.”

“எப்படி இருக்கு சார்?”

“செத்துப்போயிடலாம்போல இருக்கு.”

“இருக்கும். உண்மைக்கு அந்த வாத்தியார் மணியே அடிக்க மாட்டார். திடீர்னு மாத்திரையையும் நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்டச் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க” என்றார். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தயங்கித் தயங்கிப் போனேன். உள்ளே நுழைந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. மிஸ்ஸும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பக்கத்து நாற்காலியில் மட்டும், பஸ்ஸில் வேண்டியவர்களுக்கு இடம் பிடிப்பதுபோல், ஒரு கைக்குட்டையை விரித்துப் போட்டிருந்தார்.