சிவப்பு வட்டமும் காணாமல்போன ஜிம்மியும்

பல வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவனுக்குச் சிவப்பைக் கண்டாலே கை துறுதுறுக்கும். எங்கேயோ பிழை இருக்கிறது, கண்டுபிடித்தாக வேண்டும். நான் சித்திர ஆசிரியர். (சித்திரத்தில் என்ன பிழை என்று கேட்காதீர்கள். சிவப்பு மை தெரியாவிட்டால் பாடசாலை அதிபருக்குப் பிடிக்காது.)

என் முதல் கண்காட்சி திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய வீட்டில் நடந்தது. அதை ஓவியக்கூடமாக மாற்றியிருந்தவர் றிஸ்வானா. லிங்கநகரில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் கிடந்த என் படங்களைத் தூசு தட்டிச் சுவரில் ஏற்றிய முதல் மனிசி அவர்தான். அவருக்கும் அது முதல் கண்காட்சி. ஒரு படமாவது விற்காவிட்டால் இரண்டு பேருடைய மானமும் கப்பலேறும். கப்பலும் எதிரிலேயே நின்றது.

இரண்டாம் நாள் பின்னேரம் போனேன். இறங்குதுறையும் வள்ளங்களும் வரைந்த படத்தின் பெயர் அட்டையில் மட்டும், பொட்டுப்போல ஒரு சிவப்பு வட்டம் ஒட்டியிருந்தது. பாவம், நேரில் சொல்லக் கூச்சப்பட்டு மனிசி குறி போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம்.

பிழையைத் தேடினேன். வள்ளம் சரி, கடல் சரி. மூலையில் படுத்திருந்த நாய்தான் சரியில்லை. அதன் பின்னங்கால் எங்கே தொடங்குகிறது என்று வரைந்த எனக்கே தெரியாது. றிஸ்வானா குசினிக்குத் தேத்தண்ணி போடப் போன நேரம் பார்த்து, பையிலிருந்த வர்ணத்தை எடுத்து நாயை அப்படியே மூடிவிட்டேன். திருத்தம் முடிந்தபடியால் சிவப்பு வட்டத்தையும் உரித்தேன். (முறை என்றால் முறை.)

தேத்தண்ணியோடு அவர் வரவும், ஒரு பல் டொக்டரும் மனைவியும் உள்ளே வரவும் சரியாக இருந்தது. காலையில் தாங்கள் வாங்கிய படத்தை இன்னொருக்கால் பார்க்க ஆசைப்பட்டு வந்தவர்கள். டொக்டரின் மனைவி நேரே வள்ளப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். படத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார், இறங்கி ஓடிவிட்டதோ என்பதுபோல.

“எங்கட ஜிம்மி எங்க?”

அண்மையில் செத்துப்போன அவர்களுடைய நாய் இப்படித்தான் படுக்குமாம். அதற்காகவே அந்தப் படத்தை வாங்கினார்களாம்.

றிஸ்வானா என்னைப் பார்த்தார். அவருடைய காதுக்குள் சொன்னேன்: “நீங்கதானே மிஸ் பிழை எண்டு சிவப்புப் போட்டனீங்க. திருத்திப்போட்டன்.”

“சேர், அது வித்துப்போச்சு எண்டு போடுறது.”

எதிரே நின்ற கப்பலில் ஏறி எந்தத் தேசத்துக்காவது போய்விடலாம்போல் இருந்தது.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. டொக்டரின் மனைவிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, “சேர் ஜிம்மியைக் குளிப்பாட்டக் கொண்டுபோனவர். இருங்க, இப்ப வந்திடுவான்” என்றார். கண் கலங்கி நின்றவர் சிரித்துவிட்டார். கைபேசியில் ஜிம்மியின் படத்தைக் காட்டி, வலது காது மடிய வேண்டும், வால் வெளியே தெரிய வேண்டும் என்று பக்கத்திலிருந்தே என்னை வேலை வாங்கினார். பல் தேவையில்லை, அவன் ஒருத்தரையும் கடித்ததில்லை என்றார் டொக்டர். புது நாய்க்குப் பின்னங்கால்கூடச் சரியாக வந்தது.

அவர்கள் போனபிறகு றிஸ்வானா ஆறிப்போன தேத்தண்ணியை நீட்டினார். “சுவரில ஏத்தினாப் பிறகு அது என்ட படமும்தான் சேர். விளங்காட்டி என்னட்டக் கேளுங்க. கேக்கிறதில என்ன வெக்கம்?”

இன்றுவரை அவரிடம்தான் கண்காட்சி வைக்கிறேன். ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுத்தான் அடிக்கிறேன். அப்படியிருந்தும் வாசலில் என் பையைத் திறந்து பார்க்காமல் அவர் உள்ளே விடுவதில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மகள் தான் கட்டப்போகும் பெடியனை முதன்முதல் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவனை மேலும் கீழும் பார்த்தேன். தலைமயிர் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. நான் வாயைத் திறக்க முதலே மகள் அவனுடைய சட்டைப் பையில் ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டினாள். றிஸ்வானாவிடம் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

“அப்பா, இது முடிஞ்சுது. திருத்த ஏலாது.”