குனியாமல் குடிப்பது எப்படி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தங்கரையில் ஒரு பாறை இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் வெகுகாலமாக அங்கேயே கிடந்தன. தொந்தரவு செய்வதற்கென்று தனியாக ஆட்கள் இருக்கிறார்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது.

குளத்தைச் சுற்றி முள்ளும் சேறும்தான். இறங்கிக் குடிக்க வசதியாக இருந்தது பாறைக்கு எதிரே இருந்த ஒரே ஒரு துறை. காட்டில் உள்ள எல்லோரும் அங்கே வந்து, தலையைக் குனிந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மயில் நீலமேகம் கரையோர மரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மான் வந்தது, குனிந்தது. முயல் வந்தது, குனிந்தது. புலிகூட வந்து குனிந்துவிட்டுப் போனது. நீலமேகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துத் தோகை தானாக விரிந்தது.

"புலியே குனியுதுன்னா, எதிர்ல இருக்குறது வெறும் பாறையா?" என்று கேட்டார்.

தண்ணீர் கீழே இருக்கிறது, அதனால் குனிகிறார்கள் என்று எடுத்துச் சொல்லக்கூடியது ஆமை ஒன்றுதான். அது அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. பல பெரிய காரியங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன.

பாறைக்குப் பாறையப்பன் என்று பெயர் வந்தது. செம்மண் பூசினார்கள், பூ வைத்தார்கள், பக்தர் பேரவை தொடங்கினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குயில் பாடியது, குரங்குகள் தாளம் போட்டன, பிரசாதமாக நாவல்பழம் கிடைத்தது. குட்டியைப் பறிகொடுத்த ஒரு மான் பாறையில் தலைசாய்த்து அழுதுவிட்டு, மனசு லேசாகித் திரும்பிப் போனது. பாறை அதைக் கேட்டுக்கொண்டதா இல்லையா என்று நமக்குத் தெரியாது. மானுக்கு அது அவசியமாகவும் படவில்லை.

கீரி அறிவழகனுக்குத்தான் பொறுக்கவில்லை. அறிவழகன் என்பது அவர் தானாக வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் கடிப்பார்.

"பொறந்ததுல இருந்து அந்தத் துறையிலதான் நான் தண்ணி குடிக்கிறேன். அப்படின்னா இத்தனை நாளும் கும்பிட்டுக்கிட்டா இருந்தேன்?" என்று அவர் கொதித்தார். என்னைக் கேட்காமல் என்னைப் பக்தனாக்க இவர் யார் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான்.

அவர் தலைநிமிர்ந்தோர் மன்றம் தொடங்கினார். இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடி என்பது யாருடைய கோபமும் இல்லை என்று முயல்களுக்கு அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முயல்கள் அந்த மழைக்காலத்தில்தான் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கின. குனியாமல் தண்ணீர் குடிப்பது எப்படி என்பது மட்டும் மன்றத்துக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. பாறைக்கு முதுகைக் காட்டிக் குடித்துப் பார்த்தார்கள். முயல்கள் வரிசையாகக் குளத்தில் விழுந்தன. பிறகு காட்டோரத் தோட்டத்தில் பப்பாளி இலைக் காம்பை ஒடித்து வந்து, அதைக் குழலாக வைத்து, நிமிர்ந்து நின்று உறிஞ்சினார்கள். பாதி காற்று வந்தது, பாதி தண்ணீர் வந்தது. கொள்கைக்காகக் கொஞ்சம் காற்றைக் குடித்தால் தப்பில்லை என்றார் கீரி.

அவரவர் தண்ணீரை அவரவர் குடித்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இந்தக் கதை சொல்லும் வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் தனக்கு நல்லது என்று தெரிந்ததை அடுத்தவர் வாயில் திணிக்காவிட்டால் சிலருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

துறையின் ஒரு பக்கம் பேரவைத் தொண்டர்கள் நின்றார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர்களின் பிடரியில் கைவைத்து, "நல்லாக் குனி, அப்பன் பாக்குறாரு" என்று அழுத்தினார்கள். மறுபக்கம் மன்றத் தொண்டர்கள். வந்தவர்களின் தாடையில் கைகொடுத்து, "நிமிருங்க தோழர், யாரும் பாக்கல" என்று தூக்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட கரடி ஒன்று, கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம் என்று சொல்லிவிட்டுத் தாகத்தோடேயே வீட்டுக்குப் போனது.

இந்த நேரம் பார்த்துத்தான் மூக்காயி தண்ணீருக்கு வந்தாள்.

மூக்காயி ஒரு காட்டுப்பன்றி. அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். சித்திரை மாத வெயில் மண்டையைப் பிளந்தது. குட்டிகள் மடியைத் தேடி ஓயாமல் முட்டின. அவள் தண்ணீர் குடித்தால்தான் அவற்றுக்குப் பால்.

பன்றிக்குக் கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது. உடம்பு முடிகிற இடத்தில் தலை ஆரம்பிக்கிறது. எந்நேரமும் மண்ணைப் பார்த்தபடி நடக்கும் அந்தத் தலையைத் தூக்கவும் முடியாது, அதற்குமேல் இறக்கவும் இடமில்லை.

"குனி," என்றார் நீலமேகம்.

"குனிஞ்சுதான் இருக்கேன் சாமி."

"இது உன் வழக்கமான நடை. கும்பிடுறதுக்குன்னு தனியாக் குனியணும்."

"இதுக்கு மேல குனிஞ்சா மண்ணுக்குள்ளதான் போகணும்."

கீரி முன்னால் வந்தார். "விடுங்க தோழர். நீங்க தலையைத் தூக்குங்க."

"தூக்க வராதுங்க."

"வராதுன்னு உங்களை நம்ப வெச்சிருக்காங்க."

"எங்க அம்மாவுக்கும் வரலைங்க. எங்க பாட்டிக்கும் வரலை."

"பாத்தீங்களா, பரம்பரை பரம்பரையா நம்ப வெச்சிருக்காங்க," என்று கீரி உண்மையான வருத்தத்தோடு தன் தொண்டர்களிடம் சொன்னார்.

கடைசியில் இருவரும் சேர்ந்து கேட்டார்கள். "உண்மையைச் சொல்லு. நீ எந்தப் பக்கம்?"

மூக்காயி உண்மையைச் சொன்னாள். "எனக்குப் பாறை மேல நம்பிக்கையும் இல்ல, சந்தேகமும் இல்ல. அதைப் பத்தி நான் யோசிச்சதே இல்ல. எனக்குத் தாகமா இருக்கு. அவ்வளவுதான்."

நம்புகிறவரை என்ன செய்வது என்று மன்றத்துக்குத் தெரியும். நம்பாதவரை என்ன செய்வது என்று பேரவைக்குத் தெரியும். யோசிக்கவே இல்லை என்று சொல்கிறவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களால்தான் காடு கெட்டுப்போகிறது என்பதில் மட்டும் அன்றைக்கு இரு தரப்பும் ஒன்றுபட்டு, அவளைத் துறையிலிருந்து விரட்டின.

பிறகு, துறையில் குனிவதா நிமிர்வதா என்ற வழக்கு யானையிடம் போனது. யானைதான் காட்டுக்குத் தலைவர். இரண்டு பக்கமும் சொன்னதைக் காதை ஆட்டியபடி கேட்டார். "ரெண்டு பேரு மனசும் புண்படக் கூடாது," என்றார். "அதனால தீர்ப்பு வர்ற வரைக்கும் யாரும் துறையில இறங்கக் கூடாது." யானை எட்ட நின்றே துதிக்கையை நீட்டி உறிஞ்சிக்கொள்வார். அவருக்குத் துறை தேவையில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதால் சொல்கிறேன்.

குளத்தில் தண்ணீர் இருக்கும்போதே காடு தாகத்தில் தவித்தது. கால் உள்ளவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆற்றுக்கு நடந்தார்கள். மூக்காயியால் பச்சைக் குட்டிகளை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. மடி வற்றிக்கொண்டே வந்தது. கடைசிக் குட்டி முட்டுவதையே நிறுத்திவிட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டது.

அவள் வறண்டு கிடந்த ஓடைக்குள் இறங்கினாள். மணலை முகர்ந்துகொண்டே போய், ஓர் இடத்தில் நின்று, மூக்கால் தோண்ட ஆரம்பித்தாள். தோல் உரிந்தது. ஈரம் வந்தது. பிறகு கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. தெளியும்வரை பொறுக்க முடியாமல் அப்படியே குடித்தாள். சற்றுநேரம் கழித்துக் கடைசிக் குட்டி எழுந்து வந்து மடியில் முட்டியபோது மூக்காயி அழுதுவிட்டாள்.

அது சின்னக் குழி. அவளுக்குப் போக ஒன்றிரண்டு வாய்தான் மிஞ்சும். ஆனால் வெயில் காலத்தில் ஈரமண் வாசனையை ஒளித்து வைக்க முடியுமா? முதலில் வந்தவர் நீலமேகம். பின்னால் பேரவை, கையில் செம்மண்ணோடு.

"ஆகா, ஊத்து," என்றார் அவர். "அப்பன் குடுத்த ஊத்து."

"நான் தோண்டுனது சாமி."

"நீ தோண்டல. அவரு தோண்ட வெச்சாரு. இங்க ஒரு வேலி போடணும். வரிசை கட்டணும். யாரு எப்படிக் குனியுறதுன்னு ஒரு முறை வெக்கணும்."

மூக்காயி குட்டிகளைப் பார்த்தாள். துறையில் உண்மையைச் சொன்னதற்கு என்ன கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தாள். பிறகு பணிவாகச் சொன்னாள்:

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது சாமி. நான் சும்மா பெருசுதான் பண்ணேன். முதல்ல தோண்டுனது கீரியாரு."

நீலமேகம் பதறிப்போய்ப் பின்னால் குதித்தார். குதித்த வேகத்தில் தோகையிலிருந்து ஓர் இறகு குழியோரம் விழுந்தது. "அந்த நாத்திகன் நகம் பட்ட தண்ணியா? நம்ம ஆளுங்க யாரும் வாய் வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் பேரவையைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் கீரி வந்தார். பின்னால் மன்றம், கையில் பப்பாளிக் காம்போடு.

"வாழ்த்துகள் தோழர். எந்தப் பாறையும் குடுக்காத தண்ணியை உழைச்சு எடுத்திருக்கீங்க. இது மன்றத்தோட வெற்றி. இனிமே இங்க வர்றவங்க எல்லாம் நிமிர்ந்துதான் குடிக்கணும். ஒரு பலகை வெச்சிடலாம்."

"பலகை வெக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேங்க," என்றாள் மூக்காயி. "மயிலு சாமி வந்து பூசை போட்டாரு. அதுக்கப்புறம்தான் தண்ணி வந்துச்சு."

"அப்படியெல்லாம் இருக்காது," என்ற கீரியின் கண்ணில் இறகு பட்டது. ஆதாரம் இருந்தால் ஏற்றுக்கொள்வது அவருடைய கொள்கை. முகம் சுளித்தார். "பூசை போட்ட தண்ணி நம்ம தொண்டைக்கு ஆகாது," என்று மன்றத்தோடு திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து குழிக்கு யாரும் வரவில்லை. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

வெயில் ஏற ஏறக் கொள்கை காய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம், பேரவை உறங்கிய நேரம், நீலமேகம் தோகையை ஒடுக்கிக்கொண்டு தனியாக வந்தார். "நான் குடிக்க வரல. நாத்திகத் தண்ணி எவ்வளவு கசக்குதுன்னு பாத்துப் பக்தர்களுக்குச் சொல்லணும்," என்றார். குனிந்து குடித்தார். "இன்னும் சரியாத் தெரியல," என்று மறுபடியும் குடித்தார்.

அவர் தலை மறைந்ததும் கீரி வந்தார். "பூசை போட்டதால தண்ணியில ஒரு வித்தியாசமும் வராதுன்னு நிரூபிக்கணும்," என்றார். காம்பு கொண்டுவர மறந்துவிட்டார். குனிந்துதான் நிரூபித்தார். வயிறு நிறையும்வரை நிரூபித்தார்.

இருவருமே, "யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றார்கள். மூக்காயி சொல்லவில்லை. பாவமாக இருந்தது அவளுக்கு. கொள்கை உள்ளவர்களுக்கும் தாகம் எடுக்கத்தானே செய்யும்.

ஒருநாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஓடைக்கரைப் புதரின் இந்தப் பக்கமிருந்து மயில், அந்தப் பக்கமிருந்து கீரி. அவசரத்தில் ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்தார்கள். குழி சின்னது. தலைகள் முட்டிக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொள்வதுபோல் இருந்திருக்கும்.

"நீங்க தோண்டுன குழியாச்சேன்னு சும்மா பாக்க வந்தேன்," என்றார் நீலமேகம், அலகைத் துடைத்துக்கொண்டு.

"நான் தோண்டுன குழியா? நீங்க பூசை போட்ட குழின்னு சொன்னாங்களே," என்றார் கீரி.

இருவரும் மெதுவாக மூக்காயியின் பக்கம் திரும்பினார்கள். அவள் குட்டிகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். இனி மறைத்துப் பயனில்லை.

"பொய்தான் சொன்னேன்," என்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் இந்தக் குழிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் தோண்டுனது. எம் பிள்ளைங்களுக்குப் பால் வேணும்னு தோண்டுனது."

இருவரும் யோசித்தார்கள். அவள் சொல்வது உண்மை என்று ஒப்புக்கொண்டால், இவ்வளவு நாளும் ஒரு பன்றியின் பேச்சை நம்பி ஏமாந்ததாக ஆகும். அவள் குழியில் திருட்டுத்தனமாகக் குடித்ததாகவும் ஆகும். அதைவிட அந்தப் பொய்யே மரியாதையாக இருந்தது.

நீலமேகம் தொண்டையைச் செருமினார். "போன ஐப்பசியில இந்தப் பக்கம் நடந்துபோனப்ப காலால லேசாக் கீறி ஆசீர்வாதம் பண்ணுன ஞாபகம் இருக்கு."

"நானும் ஒரு பாம்பைத் துரத்திக்கிட்டு வந்து இங்க மண்ணைத் தோண்டியிருக்கேன்," என்றார் கீரி.

"அப்ப என் ஆசீர்வாதத்துலதான் தண்ணி வந்துச்சு."

"கீறுனா வராது. தோண்டுனாத்தான் வரும்."

"அருள் இல்லாமத் தோண்டிப் பாரேன், மண்ணுதான் வரும்."

"நான் தோண்டுனது," என்றாள் மூக்காயி.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும்.

சத்தம் கேட்டுப் பேரவையும் மன்றமும் ஓடிவந்தன. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் கத்தினார்கள். தொண்டை வறண்டது. ஆனால் எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் குனிவது? குழியின் பக்கம் ஒரு தலைகூட இறங்கவில்லை. மூக்காயி கால்களுக்கு நடுவே புகுந்துபோய் வயிறு நிறையக் குடித்தாள். அவள் திரும்பி வந்து படுத்ததும் கடைசிக் குட்டிதான் முதல் ஆளாக மடியில் முட்டியது.

அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. யானையின் தீர்ப்பும் வரவில்லை. குழியைத் தோண்டியது நான்தான் என்று மூக்காயி இப்போதும் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். யாரும் நம்புவதில்லை என்பதால் அவளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

நீதி: எப்போதும் உண்மையே பேச வேண்டும், தண்ணீர் குடித்து முடித்த பிறகு.